அடுக்களையே பள்ளிக்கூடம்

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. கோடை விடுமுறையில் செல்போனை விட்டு நகர மறுக்கிறாள். வீட்டிலேயே எதையாவது சொல்லித்தர முடியுமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: தாராளமாக. அதற்காக எதையும் வாங்க வேண்டாம். கொண்டைக்கடலை, மொச்சை, காராமணி மூன்றையும் தாம்பாளத்தில் கலந்து கொட்டி, தனித்தனிக் கிண்ணங்களில் பிரிக்கச் சொல்லுங்கள். இனம் பிரிப்பதுதான் கணக்கின் முதல் படி. பொறுக்கிப் பழகும் விரல்கள் பின்னால் பென்சிலையும் சரியாகப் பிடிக்கும். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும் வயது, பக்கத்திலேயே இருங்கள்.

பரணில் பல்லாங்குழி கிடந்தால் இறக்குங்கள். ஆட்ட விதியெல்லாம் அப்புறம். 14 குழிகளிலும் ஐந்தைந்து புளியங்கொட்டை போட்டாலே எண்ணிக்கை வந்துவிடும்.

கொட்டாங்குச்சியில் மண் நிரப்பி வெந்தயம் தூவட்டும். தினமும் தண்ணீர் தெளிப்பது அவள் பொறுப்பு. சில நாட்களில் முளை எட்டிப் பார்க்கும். தான் வளர்த்த கீரை என்றால் முகம் சுளிக்காமல் சாப்பிடவும் வாய்ப்புண்டு!

வெயில் தாழ்ந்ததும் மொட்டை மாடிக்குப் போங்கள். ஒரு குவளைத் தண்ணீரும் பழைய பிரஷும் போதும். தரையில் ‘அ’ எழுதுவாள். கொஞ்ச நேரத்தில் அது மறைந்துவிடும். “எங்கேம்மா போச்சு?” என்று கேட்பாள். அறிவியல் பாடம் அங்கே ஆரம்பம்.

செல்போன்? இந்த வயதில் நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். முதலில் உங்கள் போனைக் கீழே வையுங்கள், அவளும் வைப்பாள்.