பெயர் அவருக்கு, கூலி எந்தக் கணக்கில்?

மணிவிழாவுக்குள் தன் வாழ்க்கையைப் புத்தகமாகப் பார்க்க ஒரு மில் முதலாளி ஆசைப்படுகிறார். அவர் பேசுவார், நீங்கள் எழுதுவீர்கள், அட்டையில் அவர் பெயர் இருக்கும். கோஸ்ட் ரைட்டராகத் தனியாகத் தொழில் செய்பவருக்கு வரும் வேலை பெரும்பாலும் இப்படிப்பட்டதுதான். கூலியைச் சொல் கணக்கில் பேசலாம், மொத்தமாகப் பேசலாம், ராயல்டியில் பங்காகவும் கேட்கலாம்.

சொல் கணக்கு நிறுவனங்களின் இணையக் கட்டுரைக்கும் லிங்க்ட்இன் பதிவுக்கும் சரிப்படும். சுயசரிதைக்கு ஆகாது. அதில் எழுதுகிற நேரத்தைவிடக் கேட்கிற நேரமே அதிகம். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தில் இறக்கவே நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். அதில் பாதி, அவர் முன்பே சொன்ன கதையாக இருக்கும். அதை வெட்டுவதுதான் உங்கள் திறமை. ஆனால் சொல் கணக்கில், வெட்ட வெட்டக் கூலியும் குறைகிறது.

ராயல்டிப் பங்குதான் ஆசை காட்டுவது. டொனால்ட் டிரம்ப்பின் ‘தி ஆர்ட் ஆஃப் தி டீல்’ (1987) நூலை எழுதிய டோனி ஷ்வார்ட்ஸ் முன்பணத்தில் பாதி, ராயல்டியில் பாதி, அட்டையில் பெயர் என மூன்றையும் பெற்றார். அது அமெரிக்கச் சந்தை. இங்கே கணக்குப் போட்டுப் பாருங்கள்: 300 ரூபாய் விலையில் 500 பிரதிகள், எல்லாமே விற்று 10% ராயல்டி வந்தால் 15,000 ரூபாய். அதில் பாதி 7,500. பல மாத உழைப்புக்கு இது கட்டுமா? அதிலும் மணிவிழா மலர் தாம்பூலப் பையோடு இலவசமாகப் போகிறது. அதற்கு ராயல்டி ஏது? வாடிக்கையாளர் நாடறிந்தவர், பெரிய பதிப்பகம் முன்பணத்தோடு வருகிறது என்றால் மட்டும் பங்கு கேளுங்கள். அப்போதும் அடிப்படைக் கூலியை விட்டுவிடாதீர்கள்.

ஆக, மொத்தத் தொகைதான் என் சிபாரிசு. ஆனால் தவணைகளை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கையெழுத்தானதும் ஒரு பகுதி, முதல் இரண்டு அத்தியாயங்கள் பிடித்துப்போனதும் ஒன்று, முழு வரைவுக்கு ஒன்று, இறுதிப் பிரதிக்கு மீதி. கடைசித் தவணையை வெளியீட்டு விழாவோடு கோக்கவே கூடாது. அமைச்சர் தேதி தரமாட்டார், பங்காளிச் சண்டை வரும், விழா தள்ளிப்போகும். உங்கள் பணமும் கூடவே தள்ளிப்போகும். ஒலிப்பதிவு எத்தனை மணி நேரம், திருத்தம் எத்தனை சுற்று (இரண்டு போதும்), இறுதி ஒப்புதல் யாருடையது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கடைசி விஷயத்தை எழுதாமல் விட்டால் மகன், மருமகள், மைத்துனர் எல்லோரும் ஆளுக்கொரு சிவப்புப் பேனாவோடு வருவார்கள்.

பெயர் தனி பேரம். அப்துல் கலாமின் ‘விங்ஸ் ஆஃப் ஃபயர்’ (1999) நூலில் அருண் திவாரியின் பெயரும் இருக்கிறது. வர்கீஸ் குரியனின் சுயசரிதையில், அவர் சொல்லக் கேட்டு எழுதியவர் என்று கௌரி சால்வி குறிக்கப்படுகிறார். மறுபக்கம், ஆந்த்ரே அகாசியின் ‘ஓப்பன்’ (2009) நூலை எழுதிய ஜே.ஆர். மோரிங்கர் அட்டையில் தன் பெயர் வேண்டாம் என்றே சொல்லிவிட்டார். புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்தவர் கூலியைக் கொஞ்சம் குறைத்தாவது உள்பக்கத்தில் ‘எழுத்தாக்கம்’ என்று ஒரு வரி வாங்கலாம். அடுத்த வேலையை அது கொண்டுவரும். பெயரே வெளியே வரக்கூடாது என்கிற வாடிக்கையாளரிடம் கூடுதலாகக் கேளுங்கள். ஓர் அத்தியாயத்தை மட்டும் அடுத்த வாடிக்கையாளரிடம் மாதிரியாகக் காட்டவும் அனுமதி வாங்குங்கள். முனைவர் பட்ட ஆய்வேடு எழுதித் தரச் சொல்பவரிடம் மட்டும் எந்தக் கணக்கும் பேச வேண்டாம், அது மோசடி.

சட்டத்தில் உங்களுக்குச் சாதகமான ஓர் இடம் உண்டு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியராக இல்லாமல் தனியாக எழுதித் தருபவரே பொதுவாக முதல் உரிமையாளர். உரிமை மாற்றத்துக்கு எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று 19ஆம் பிரிவு கொள்கிறது. எனவே ‘கடைசித் தவணை கைக்கு வந்த பிறகே உரிமை மாறும்’ என்று ஒரு வாசகம் சேருங்கள். பாக்கியை வசூலிக்க அதைவிட நல்ல பிடி இல்லை. சொன்ன தகவல்களுக்கு வாடிக்கையாளரே பொறுப்பு என்றும் ஒரு வரி இருக்கட்டும். பழைய கூட்டாளி அவதூறு வழக்குப் போட்டால் உதவும்.

வாடிக்கையாளர் எண்பதைத் தாண்டியவர் என்றால் இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: பாதியில் அவர் தவறிவிட்டால் அதுவரை எழுதியதற்குப் பணம் தருவது யார், மீதியை முடிக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? கேட்கச் சங்கடமாக இருந்தால் அவருடைய ஆடிட்டரிடம் கேளுங்கள். உயில் விவரம் தெரிந்தவராகவும் அவரே இருக்கலாம்.