ஒரே இசை, இரு வேகம்: ரசனையைக் காரணத்தோடு பேசப் பழக்குதல்

எட்டாம் வகுப்பில் ‘தமிழர் இசைக்கருவிகள்’ பாடத்தை முடித்த மறுநாள், எங்கள் மாணவர்கள் அதுவரை கேட்டிராத ஓர் இசையை ஸ்மார்ட் வகுப்பறையில் ஒலிக்கவிட்டேன். ஜெர்மனியைச் சேர்ந்த யோகான் செபாஸ்டியன் பாக் (1685–1750) எழுதி, 1741இல் அச்சான ‘கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்’ தொகுப்பின் தொடக்கப் பகுதி அது. இளையராஜா தம் ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பை (1986) தியாகராஜருக்கும் இந்த பாக்குக்கும்தான் காணிக்கையாக்கினார் என்று சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

பாக் இதை எழுதியது ஹார்ப்சிகார்டு என்னும் கருவிக்கு. பார்வைக்குப் பியானோ போலவே இருக்கும். ஆனால் பியானோவில் சிறு சுத்தி கம்பியைத் தட்டும். ஹார்ப்சிகார்டில் ஒரு சிறு முள் கம்பியை மீட்டும். அதனால் விரலை அழுத்தி வாசித்தாலும் மெல்ல வாசித்தாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் அந்தக் கருவியில் ஒரு நிமிடம் கேட்டோம். “கொலுசு சத்தம் மாதிரி இருக்கு” என்றாள் ஒரு மாணவி. தருமபுரிப் பக்கம் தெருக்கூத்து பார்த்து வளர்ந்த பிள்ளைகள். “ஆர்மோனியக் கட்டை மாதிரி, ஆனா காத்து இல்ல” என்றான் இன்னொருவன். மீட்டுவதால் இது நரம்புக்கருவி என்று அவர்களே வகைப்படுத்தினார்கள்.

அடுத்து, அதே பகுதியைப் பியானோவில் வாசித்த இரண்டு பதிவுகளைப் போட்டேன். ஒன்று இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மற்றது ஏறத்தாழ மூன்று நிமிடம். வாசித்தவர் யார் என்று சொல்லவில்லை. “எது நல்லா இருக்கு?” என்று கேட்டேன். பலர் மெதுவானதற்குக் கை தூக்கினார்கள். ஒரு மாணவன் மட்டும் வேகமானது பிடித்திருக்கிறது என்றான். எனக்கும் மெதுவானதுதான் பிடிக்கும். “இன்னொரு தடவை கவனமாக் கேளுப்பா” என்றேன். மறுபடி ஒலிக்கவிட்டேன். “மெதுவானதுதான் நல்லா இருக்கு டீச்சர்” என்று சொல்லிவிட்டு அமர்ந்தான். அதன்பின் அந்தப் பாடவேளை முழுவதும் அவன் பேசவில்லை.

அன்று மாலை அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவன் காதை நான் திருத்தவில்லை. எனக்குப் பிடித்த விடையைச் சொல்லப் பழக்கியிருக்கிறேன். என் கேள்வியும் தவறுதான். ‘எது நல்லது’ என்று கேட்டால் மாணவர்கள் ஆசிரியரின் முகத்தைப் பார்த்தே விடை சொல்வார்கள்.

மறுநாள் முதல் வேலையாக, “நேற்று நான் அவசரப்பட்டுவிட்டேன். உனக்குப் பிடித்ததைச் சொன்னாய், அதில் தப்பு ஒன்றும் இல்லை” என்று வகுப்பிலேயே அவனிடம் சொன்னேன். பிறகு இந்த முறையில் செயல்பாட்டைத் திரும்ப நடத்தினேன்:

1. யாரும் பேசும் முன் அவரவர் துண்டுச்சீட்டில் எழுத வேண்டும். பெயர் வேண்டாம்.

2. ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு வரிகள்: ‘எனக்குப் பிடித்தது…’, ‘அதில் நான் கேட்டது…’

3. மாற்றுக் கருத்துச் சொல்பவர், முதலில் எதிர்த்தரப்பின் காரணத்தைத் தம் சொற்களில் சொல்ல வேண்டும்.

4. ஆசிரியர் தம் விருப்பத்தைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும்.

முதல் நாள் ஒரே ஒரு கை தூக்கிய தரப்புக்கு இப்போது ஒன்பது சீட்டுகள் வந்தன. “தகரக் கூரையில் மழை பெய்வதுபோல் இருக்கிறது” என்றது ஒன்று. “ஒருத்தர் யோசித்து யோசித்துப் பேசுவதுபோல” என்றது மெதுவான பதிவைப் பற்றிய ஒரு சீட்டு. “மெதுவானதில் சுரங்கள் குறைவு, அதனால் பிடித்தது” என்று இன்னொரு சீட்டில் இருந்தது. சரிதானா என்று இரண்டையும் மீண்டும் கேட்டோம். மெட்டு ஒன்றே, சுரங்களுக்கு இடையே உள்ள நேரம்தான் கூடியிருந்தது. சீட்டு எழுதிய மாணவி தானே எழுந்து, “காரணத்தை மாத்திக்கிறேன் டீச்சர், ஆனா எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு” என்றாள்.

இந்தச் செயல்பாட்டின் மையம் இதுதான். பிடித்திருக்கிறது என்பதில் சரி, தவறு இல்லை. ‘இதில் இதைக் கேட்டேன்’ என்பதைச் சரிபார்க்க முடியும். முன்னதற்கு மதிப்பெண் போடக் கூடாது. பின்னதைத்தான் மதிப்பிட வேண்டும். கதை, கவிதை, ஓவியம் எதைப் பற்றிய கருத்துரைக்கும் இது பொருந்தும்.

முடிவில் உண்மையைச் சொன்னேன். இரண்டு பதிவுகளும் கனடாவின் கிளென் கூல்டு என்ற ஒரே கலைஞர் வாசித்தவை. முதலாவது 1955இல், அவருக்கு 22 வயதில். மற்றது 1981இல், இறப்பதற்கு முந்தைய ஆண்டில். முழுத் தொகுப்பையும் முதலில் ஏறத்தாழ 38 நிமிடத்தில் வாசித்தவர், பின்னர் 51 நிமிடம் எடுத்துக்கொண்டார்.

“அப்போ அவருக்கே மனசு மாறிடுச்சா டீச்சர்?” என்று கேட்டான், முதல் நாள் மௌனமான மாணவன். “ஆமாம், 26 வருஷம் ஆச்சு” என்றேன். “எனக்கு இன்னும் வேகமானதுதான் பிடிக்குது” என்றான்.

தொடக்க வகுப்புகளில் ஒரே பாடலை இரண்டு வேகத்தில் பாடிக்காட்டி இதைச் செய்யலாம். சீட்டுக்குப் பதிலாக, கண்ணை மூடிக்கொண்டு கை தூக்கச் சொன்னால் போதும்.