நாற்று செழிக்க நல்ல மண்

லயத்து வீட்டுக் கொல்லையில் மிளகாய், கத்தரி, தக்காளி பயிரிடுவோர் பலருக்கு ஒரு குறை உண்டு. விதை முளைத்து இரண்டு இலை விட்டதும், தண்டு தரையோடு அழுகி நாற்று சாய்ந்துவிடும். இதற்கு விதையைப் பழிப்பதில் பயனில்லை. பெரும்பாலும் குறை மண்ணிலேயே உள்ளது. களிமண்ணில் மழைநீர் வடிவதில்லை. நீர் தேங்கினால் வேருக்குக் காற்றுக் கிடைக்காது. நாற்றழுகல் நோயை உண்டாக்கும் பூஞ்சணமும் பெருகும். விலை கொடுத்து வாங்கிய விதையும் பல நாள் உழைப்பும் வீணாகும். இதனைத் தவிர்க்க, நாற்றுக்கு ஏற்ற மண்ணை நாமே கலந்துகொள்ளலாம்.

தேவையான பொருள்கள்

மேல்மண் 3 பங்கு, நன்கு மட்கிய மாட்டெரு 2 பங்கு, ஆற்று மணல் 1 பங்கு. பால் டின் ஒன்றையே அளவாகக் கொள்ளலாம். களைக்கொல்லி தெளித்த நிரைகளிலிருந்து மண் எடுத்தலாகாது. பச்சைச் சாணம் இளவேரைக் கருக்கிவிடும். ஆதலால் இரண்டு மூன்று மாதம் மட்கியதையே சேர்க்க வேண்டும். கடல் மணலில் உப்பு இருப்பதால் அது ஆகாது. ஆற்று மணல் கிடைக்காவிடில், கருக்கிய நெல் உமியைச் சேர்க்கலாம்.

கலக்கும் முறை

மண்ணையும் எருவையும் சலித்து, கல்லையும் வேரையும் நீக்குக. மணலுடன் சேர்த்துக் கிளறிக் கொதிநீரை ஊற்றி நனைத்து, மூடிவைத்து ஆறவிடுக. இதனால் நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் பெரிதும் குறையும். பின்னர் ஈரமான கலவையில் ஒரு பிடியை எடுத்து அழுத்திப் பாருங்கள். பிடித்த உருண்டை விரல் பட்டதும் உதிர்ந்தால், அதுவே சரியான பதம். உதிராமல் கட்டியாக நின்றால் மணல் சேர்க்கவும். உருண்டையே பிடிக்காவிடில் எரு சேர்க்கவும்.

விதைத்தலும் பராமரிப்பும்

பழைய டின்களின் அடியில் நான்கைந்து துளையிட்டுக் கலவையை நிரப்புக. விதையை அதன் பருமனைப் போல் இரண்டு மடங்கு ஆழத்தில் ஊன்றுக. நெருக்கமாக விதைத்தல் கூடாது. கனமழை தாக்காத, வெளிச்சமுள்ள இடத்தில் வைத்து, காலையில் மெல்லத் தண்ணீர் தெளிக்கவும். மண் ஈரமாக இருந்தால் போதும், சேறாகக் கூடாது. பால்வெட்டுக்கு விடியுமுன் செல்வோர், இப்பொறுப்பை வீட்டிலுள்ள பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். நாற்று நான்கைந்து இலை விட்டபின் பாத்தியில் நடலாம்.

இவற்றுள் பெரும்பாலானவை நம்மைச் சுற்றிலும் கிடைப்பவை. நாற்று உறுதியாக அமைந்தால், கறிக்கு வேண்டிய காய் கொல்லையிலேயே விளையும். கடைச் செலவும் குறையும்.