பிசுமது சல்பைட்டை இனங்காணல்

பூமியின் ஆழத்திலிருந்து பாறை வெடிப்புகளினூடாக ஏறும் சூடான நீர்க்கரைசல்கள் குளிரும்போது உலோக சல்பைட்டுகள் படிகின்றன. பொலிவியாவின் தஸ்னா சுரங்கத்தில் பிசுமதினைற்று எனும் பிசுமது சல்பைட்டு இவ்வாறே உண்டானது.

ஈயச் சாம்பல் நிறம், உலோக மினுக்கம், ஊசிபோன்ற நீண்ட பளிங்குகள், நகத்தால் கீறக்கூடிய மென்மை. இவற்றை மட்டும் கண்டு பிசுமதினைற்று என எழுதிவிடாதீர்கள்! அந்திமனி சல்பைட்டான ஸ்ரிப்னைற்றும் இப்படியே இருக்கும்.

இரண்டினதும் பளிங்குக் கட்டமைப்பு ஒன்றே. உலோக அணுதான் வேறு. இரண்டு உலோக அணுக்களுக்கு மூன்று கந்தக அணுக்கள் உண்டு. சாரணுத்திணிவுகள் அந்திமனி 122, பிசுமது 209, கந்தகம் 32. ஆகவே சூத்திரத்திணிவுகள் முறையே 340, 514 ஆகும். அடர்த்திகளும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கன சென்ரிமீற்றருக்கு 4.6 கிராம், 6.8 கிராம் ஆகும்.

பயிற்சி: 20.4 கிராம் மாதிரியொன்றை அளவுச்சாடியிலுள்ள நீரில் அமிழ்த்தியபோது நீர்மட்டம் 40 இலிருந்து 43 கன சென்ரிமீற்றருக்கு உயர்ந்தது. மாதிரி யாது?

20.4 ÷ 3 = 6.8. எனவே ஸ்ரிப்னைற்று அன்று, பிசுமதினைற்றாகலாம். (குவாட்ஸ் ஒட்டியிருப்பின் பெறுமானம் குறையும்.)

"ஆகலாம்" என்றதற்குக் காரணமுண்டு. ஊரல் மலையின் பெரசோவ்ஸ்க் தங்கப் படிவிலுள்ள அயிக்கினைற்றில் பிசுமதுவுடன் ஈயமும் செம்பும் உள்ளன; அடர்த்தி 7 ஐச் சற்று விஞ்சும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட கனியங்களும் பல. அவற்றை வேறுபடுத்த அளவுச்சாடி போதாது. எக்ஸ் கதிர்ப் பரிசோதனை வேண்டும்.