தொலேதோ போறியா தங்கச்சி? இந்த வரிசையில பாரு!

மாட்ரிட் வரைக்கும் போறவ தொலேதோவைப் பார்க்காம திரும்பிடாதே. தாஹோ ஆறு மூணு பக்கமும் வளைச்சு ஓட, நடுவுல குன்று மேல இருக்கிற பழைய ஊர் அது. 1986-லயே யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்துடுச்சு. முஸ்லிம்கள், யூதர்கள், கிறிஸ்தவர்கள் மூணு பேரோட வழிபாட்டு இடங்களும் நடந்து போற தூரத்துலயே இருக்கு. பேராலயத்தை மட்டும் பார்த்துட்டு ரயில் ஏறிடாதே. மூணையும் பார்த்தாதான் அந்த ஊர் புரியும்.

கிளம்புறதுக்கு முன்னாடி

* மாட்ரிட் அட்டோச்சா ஸ்டேஷன்ல இருந்து வேக ரயில்ல அரை மணி நேரம்தான். சனி, ஞாயிறுன்னா டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துடு.
* திங்கட்கிழமை வேண்டாம். 'எல் த்ரான்சிதோ' யூதத் தொழுகைக்கூடம் இப்போ அரசு அருங்காட்சியகம், அன்னைக்கு லீவு. ஞாயிறு காலையில பேராலயத்துல பூசை நடக்கும், சுத்திப் பார்க்க விடமாட்டாங்க.
* வழியெல்லாம் கூழாங்கல் பதிச்ச ஏத்த இறக்கம். ஹீல்ஸ் வேண்டவே வேண்டாம். தோளை மூட ஒரு துப்பட்டா வெச்சுக்கோ.
* அம்மாவைக் கூட்டிட்டுப் போறியா? ஸ்டேஷன்ல இருந்து டவுன் பஸ் பிடி. பிசாக்ரா கோட்டை வாசல் பக்கத்துல மேலே ஏற எஸ்கலேட்டரே இருக்கு.

வடக்குல தொடங்கி மேற்குல முடி

1. கிறிஸ்தோ தெ லா லூஸ்: 999-ல கட்டின குட்டி மசூதி, பின்னாடி தேவாலயமாச்சு. உள்ளே நின்னு அண்ணாந்து பாரு. ஒன்பது சின்ன விதானம், ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது.

2. பேராலயம்: 1226-ல தொடங்கி 1493-ல முடிச்சாங்க. இதுக்கு ரெண்டு மணி நேரம் ஒதுக்கு. பீடத்துக்குப் பின்னாடி போய்ப் பாரு. நற்கருணைப் பேழை மேல வெளிச்சம் விழணும்னே கூரையைத் திறந்து, சுத்தி தேவதூதர்களைச் செதுக்கி வெச்சிருக்காங்க. பேரு 'த்ரான்ஸ்பரெந்தே', 1732-ல முடிஞ்ச வேலை. என்ரிக்கே தெ ஆர்ஃபே செஞ்ச கதிர்ப்பாத்திரத்தையும் விடாதே. ஆள் உயரத்தைத் தாண்டி நிக்கும். நற்கருணைப் பெருவிழா பவனிக்கு இன்னைக்கும் அதைத்தான் எடுத்துட்டுப் போறாங்க.

3. சாந்தோ தொமே தேவாலயம்: இங்க ஒரே ஒரு ஓவியத்துக்காகத்தான் கூட்டம். எல் கிரேக்கோ 1586-லயிருந்து 1588-க்குள்ள வரைஞ்ச ஓர்காஸ் பிரபுவோட அடக்கம். குழுவா வர்றவங்க சாப்பிடப் போற ரெண்டு மணி வாக்குல போ. கீழே இடது ஓரத்துல தீப்பந்தம் பிடிச்சு நிக்கிற பையன் ஓவியரோட மகன். அவன் பாக்கெட்ல இருக்கிற கைக்குட்டையில அவன் பிறந்த வருஷம் 1578 எழுதியிருக்கும், தேடிப் பாரு.

4. யூதர் தெரு: 'எல் த்ரான்சிதோ'வைக் கட்டினவர் ராஜாவோட பொருளாளர் சாமுவேல் ஹா-லேவி, 14-ஆம் நூற்றாண்டுல. சுவர்ச் சுண்ணாம்பு வேலையில ஹீப்ரு எழுத்தும் அரபி எழுத்தும் பக்கத்துப் பக்கத்துலயே இருக்கும். அங்கிருந்து சில நிமிஷ நடையில 'சாந்தா மரியா லா பிளாங்கா'. வெள்ளைத் தூண்கள், குதிரை லாட வளைவுகள்னு பார்க்க மசூதி மாதிரியே இருக்கும். ஆனா கட்டினது யூதர்கள் தொழ. பிறகு தேவாலயமா மாத்திட்டாங்க. 1492-ல யூதர்களை ஸ்பெயினை விட்டே வெளியேத்தினாங்க. இங்க செல்ஃபியைக் குறைச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வா.

சாப்பாடு

மதியச் சாப்பாடே ரெண்டு மணிக்குத்தான் சூடுபிடிக்கும். சைவம்னா 'பிஸ்தோ' கேளு. தக்காளி, குடைமிளகாய், சீமைச் சுரைக்காய் போட்ட தொக்கு. மேல முட்டை வைப்பாங்க, வேண்டாம்னா முன்னாடியே சொல்லிடு. வாங்கிட்டு வர மார்சிபான் நல்லது. பாதாமும் சர்க்கரையும் அரைச்சுச் செய்யறது. சில மடங்கள்ல கன்னியாஸ்திரிகளே செஞ்சு விக்கிறாங்க.

நேரம் பத்தலைன்னா

வாள் கடை, நினைவுப் பொருள் கடை எல்லாத்தையும் தாண்டிப் போயிடு. ஒரு மசூதி, ஒரு யூதத் தொழுகைக்கூடம், பேராலயம் இந்த மூணையும் மட்டும் விடாதே. ஒரே ஊர்க் கொத்தனார் கை மூணு மதத்துக்கும் எப்படி உழைச்சிருக்குன்னு நீயே பார்த்துப் புரிஞ்சுக்குவே.