கால் பங்கு தப்பு யாருடையது?

நம்பிக்கை: "லாரி மேல எழுபது சதவீதம் தப்பு, ஆட்டோ மேல முப்பதுன்னு பிரிச்சுட்டாங்க. ஆட்டோவுக்கு இன்சூரன்ஸே கிடையாது. அந்த முப்பது போனது போனதுதான்."

விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் வராந்தாவில் கேட்கிற பேச்சு இது. இதை நம்பி, பேரம் பேசிய தொகைக்குத் தலையாட்டிவிட்டு வருகிறவர்களும் உண்டு.

ஷேர் ஆட்டோவில் சும்மா உட்கார்ந்து போன பயணி மீது என்ன தப்பு? இரண்டு ஓட்டுநர்களின் அஜாக்கிரதையும் சேர்ந்து அவர் காலை உடைத்திருந்தால், சட்டம் அதைக் கூட்டுக் கவனக்குறைவு என்று சொல்லும். பத்து லட்சம் என்று தீர்ப்பானால், பத்தையும் லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனியிடமே அவர் வாங்கிக்கொள்ளலாம். எழுபது, முப்பது என்பது லாரிக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் உள்ள கணக்கு. கம்பெனி தன் பங்குக்கு மேல் கொடுத்ததை ஆட்டோ உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். 2015-இல் கென்யெய் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத்தான் தெளிவாக்கியது. அங்கே மோதியவை ஒரு பேருந்தும் ஒரு ட்ரெய்லர் லாரியும்.

யாரிடம் வசூலிப்பது என்பதும் உங்கள் விருப்பம்தான். மோதியதில் ஒன்று அரசுப் பேருந்து என்றால் இதை யோசித்துச் செய்யுங்கள். இழப்பீடு தராமல் இழுத்தடித்ததால் அரசுப் பேருந்தை அமீனா வந்து ஜப்தி செய்கிற படத்தைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள்.

நம்பிக்கை: ஓட்டினவர் மேல் தப்பு இருந்தால் குடும்பத்துக்கே கழிவு.

இங்கேதான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். ஒரு உதாரணம். கணவர் பைக் ஓட்டுகிறார், மனைவி பின்னால். குறுக்குச் சாலையில் லாரி மோதுகிறது. கணவர் இறந்துவிடுகிறார், மனைவிக்கு இடுப்பெலும்பு முறிவு. கணவரும் வேகத்தைக் குறைக்காமல் திரும்பினார், அவர் மேல் 25 சதவீதம் தப்பு என்கிறது தீர்ப்பாயம். அந்த அம்மாள் போட்டிருப்பது இரண்டு மனு.

கணவர் இறந்ததற்கான மனுவில் இழப்பீடு இருபது லட்சம் என்று கணக்கானால், கையில் வருவது பதினைந்து. இறந்தவரின் பங்குத் தப்பு அவர் வாரிசுகளின் தொகையிலிருந்து கழியும். அது பங்களிப்புக் கவனக்குறைவு. தன் காயத்துக்கான மனுவில் நான்கு லட்சம் என்றால், நான்கும் முழுதாக வர வேண்டும். பைக்கை ஓட்டியது அவர் அல்லவே! அவரைப் பொறுத்தவரை கணவரும் லாரி ஓட்டுநரும் சேர்ந்து காயப்படுத்தியவர்கள். விபத்து ஒன்று, மனைவி ஒருவர், கணக்கு மட்டும் இரண்டு. பைக்குக்கு வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் பின்னிருக்கையில் வந்தவருக்கு அந்த இன்சூரன்ஸ் கை கொடுக்காது. அப்போது லாரிக் கம்பெனியிடம் முழுத் தொகையையும் கேட்க முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். இரண்டு மனுவிலும் கண்ணை மூடிக்கொண்டு 25-ஐக் கழித்தால் அது பிழை.

நம்பிக்கை: பைக்கில் மூன்று பேர் போனால் இழப்பீட்டில் கை வைத்துவிடுவார்கள்.

மூன்று பேர் போனது சட்டமீறல், அபராதம் உண்டு. ஆனால் அதனால்தான் விபத்து நடந்தது, அல்லது காயம் கூடியது என்று காட்டினால்தான் கழிவு. பின்னாலிருந்து வந்து மோதிய காருக்கு பைக்கில் இரண்டு பேரா மூன்று பேரா என்பதில் என்ன வந்தது? அப்படி ஒரு வழக்கில் கழிக்கப்பட்ட பத்து சதவீதத்தை 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கும் இதே அளவுகோல்தான்.

நம்பிக்கை: எஃப்.ஐ.ஆரில் யார் பெயரோ, முழுத் தப்பும் அவருடையது.

இல்லை. எஃப்.ஐ.ஆர். வெறும் ஆரம்பம். பார்வை மகஜர், சம்பவ இடத்தின் மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, நேரில் பார்த்தவர் சாட்சி என்று எல்லாவற்றையும் வைத்துத்தான் தீர்ப்பாயம் பங்கு பிரிக்கும். கண்ணாடித் தூள் சாலையின் எந்தப் பக்கம் கிடந்தது என்பதில் வழக்கு திரும்பிவிடலாம்.

ஒரு வேண்டுகோள். முழுத் தொகையையும் ஒருவரிடமே கேட்கலாம் என்றாலும், மனு போடும்போது இரண்டு வண்டிகளின் உரிமையாளர்களையும் இன்சூரன்ஸ் கம்பெனிகளையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒருவரிடம் கிடைக்காவிட்டால் மற்றவரிடம் போகலாம். தீர்ப்பு நகல் கைக்கு வந்ததும் கடைசிப் பத்தியைப் படியுங்கள். "கூட்டாகவும் தனித்தனியாகவும்" என்ற சொற்கள் அங்கே இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் வக்கீலிடம் உடனே கேளுங்கள். உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யத் தீர்ப்புத் தேதியிலிருந்து 90 நாள் அவகாசம்.