ஆன்லைனில் அக்கவுண்டிங் படிக்கப் போகிறீர்களா? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

நிதிக் கணக்கியலின் அடிப்படைகளைக் கற்க இப்போது கல்லூரி வாசலை மிதிக்க வேண்டியதில்லை. கைப்பேசியும் இணையமும் இருந்தால் ஐ.ஐ.டி. பேராசிரியரிடமும் படிக்கலாம், அமெரிக்காவின் வார்ட்டன் பள்ளிப் பேராசிரியரிடமும் படிக்கலாம். சேர்வது எளிது, பாதியில் நின்றுபோவதும் எளிது. இந்தப் பாடத்துக்குத் தேவையான கணிதம் கூட்டல், கழித்தல், கொஞ்சம் சதவீதம். அதனால் கணக்குக்குப் பயந்து யாரும் நிற்பதில்லை. வீடியோ ஓடும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். பேனாவை எடுத்தால் எந்தத் தொகையை எந்தப் பக்கம் எழுதுவது என்று கை நின்றுவிடும். அங்கேதான் பலர் கழன்றுகொள்கிறார்கள்.

பாடத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை நீங்களே வாசிப்பது வரை வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: எதற்காகப் படிக்கிறீர்கள்?

சொந்தக் கடையின் லாப நட்டம் புரிய வேண்டும், பங்கு வாங்குமுன் நிறுவனத்தின் கணக்கைப் பார்க்கத் தெரிய வேண்டும், கல்லூரியில் கிரெடிட் வேண்டும், எம்.பி.ஏ. சேருமுன் தயாராக வேண்டும் என்று ஆளுக்கொரு காரணம் இருக்கும். உங்களுடையதை ஒரு வரியில் எழுதி வையுங்கள்.

கணக்கர் வேலைக்குப் போவதுதான் நோக்கம் என்றால் இந்தப் பாடம் மட்டும் போதாது. டேலி மென்பொருளில் பதிவு போடுவதையும், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்வதையும் அறிமுகப் பாடங்கள் பொதுவாகச் சொல்லித்தருவதில்லை. அவற்றைத் தனியே கற்க வேண்டும். ஆனால் அடிப்படை தெரிந்தவருக்கு டேலி சீக்கிரம் பிடிபடும்.

படி 2: பாடத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்திய மாணவர்களுக்கு முதல் வாய்ப்பு ஸ்வயம் என்ற அரசுத் தளமும் அதில் ஐ.ஐ.டி.களின் என்.பி.டி.இ.எல். திட்டம் நடத்தும் பாடங்களும். ஜனவரியிலும் ஜூலையிலும் புதிய சுற்று தொடங்கும். சேர்ந்து படிக்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் தேர்வுக்குப் பணம் கட்டித் தேர்வு மையத்துக்கு நேரில் போக வேண்டும். வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. சான்றிதழ் பெறப் பயிற்சியில் குறைந்தது 10, தேர்வில் குறைந்தது 30 வேண்டும். கல்லூரியில் கிரெடிட்டாக மாற்ற நினைப்பவர்கள் சேருமுன்பே துறைத் தலைவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது வாய்ப்பு, கோர்சேரா என்ற இணையத் தளத்தில் உள்ள வார்ட்டன் பள்ளியின் அறிமுகப் பாடம். நடத்துபவர் பிரையன் புஷி. நான்கு பகுதிகள் கொண்ட பாடம்: இருப்புநிலைக் குறிப்பு, வருமான அறிக்கை, ரொக்க ஓட்டம், விகிதப் பகுப்பாய்வு. உலோகம் கண்டறியும் கருவிகளை வாடகைக்கு விடும் 'ரெலிக் ஸ்பாட்டர்' என்ற கற்பனை நிறுவனத்தின் கணக்கு பாடத்தின் ஊடே தொடர்ந்து வருவது இதன் பெரிய பலம். முழுக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் தளத்தில் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். பதில் வர நாளாகும் என்பதால் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.

அமெரிக்கப் பாடம் அமெரிக்கக் கணக்கியல் விதிகளைப் பின்பற்றும். அடிப்படை ஒன்றுதான் என்றாலும் சில இடங்கள் வேறுபடும். கடைசியில் வாங்கிய சரக்கே முதலில் விற்றது என்று கணக்கிடும் லிஃபோ முறைக்கு அங்கே அனுமதி உண்டு. இந்தியக் கணக்கியல் தரநிலைகளில் இல்லை. அங்கே இருப்புநிலைக் குறிப்பில் சொத்துகள் ரொக்கத்திலிருந்து தொடங்கும். இங்கே பெரிய நிறுவனங்களின் அறிக்கையில் இயந்திரம், கட்டடம் போன்ற நீண்டகாலச் சொத்துகள் முதலில் வரும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் குழப்பம் வராது.

படி 3: முதல் வீடியோவுக்கு முன்

ஆங்கிலத்தில் பாடம் கேட்கத் தயக்கமா? தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் நூலின் முதல் சில பாடங்களைத் தமிழிலேயே வாசித்துவிடுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு ஆகிய மூன்றும் என்னவென்று தெரிந்தபின் வீடியோவுக்குப் போனால் பாதிப் பாரம் குறைந்துவிடும்.

கூடவே கோடுபோட்ட நீள நோட்டு, பென்சில், சாதாரண கால்குலேட்டர் மூன்றும் கையருகே இருக்கட்டும். தொடக்கத்தில் எக்செல் வேண்டாம். சூத்திரம் தானாகக் கூட்டிக் கொடுத்தால், எந்த எண் எங்கிருந்து வந்தது என்று கவனிக்காமலே கடந்துவிடுவோம்.

படி 4: ஒரே கடையின் கணக்கைக் கடைசிவரை எழுதுங்கள்

முக்கியமான படி இதுதான். ஒரு சிறு தொழிலைக் கற்பனை செய்து, ஒவ்வொரு வாரம் படிப்பதையும் அதில் போட்டுப் பாருங்கள். மாதிரிக்கு, ஏப்ரலில் தொடங்கிய இட்லி மாவுக் கடை ஒன்று. ஜி.எஸ்.டி.யை இப்போதைக்கு ஒதுக்கிவிடுவோம்.

- உரிமையாளர் போட்ட முதல்: ரூ. 60,000
- வங்கிக் கடன், ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில்: ரூ. 40,000
- ரொக்கத்துக்கு வாங்கிய கிரைண்டர்: ரூ. 36,000
- முன்கூட்டியே கட்டிய மூன்று மாத வாடகை: ரூ. 15,000
- கடனுக்கு வாங்கிய அரிசி, உளுந்து: ரூ. 25,000
- ரொக்க விற்பனை: ரூ. 30,000
- ஹோட்டலுக்குக் கடனுக்கு விற்றது: ரூ. 12,000
- அரிசி மண்டிக்குக் கொடுத்தது: ரூ. 15,000

ஒவ்வொரு வரியையும் எழுதியதும் ஒரே கேள்வி கேளுங்கள்: 'சொத்துகள் = பொறுப்புகள் + முதல்' என்ற சமன்பாடு நிற்கிறதா? கிரைண்டர் வாங்கினால் ரொக்கம் குறைந்து இயந்திரம் கூடும், மொத்தம் மாறாது. அரிசியைக் கடனுக்கு வாங்கினால் சரக்கும் கூடும், மண்டிக்குத் தர வேண்டியதும் கூடும். வெனிஸில் 1494இல் அச்சான லூக்கா பச்சோலியின் கணித நூல் விவரித்த இரட்டைப் பதிவு முறையின் உயிர்நாடி இதுவே. இன்றைய கணினி மென்பொருளும் இதன்மீதுதான் ஓடுகிறது.

படி 5: டெபிட், கிரெடிட் பயத்தைப் போக்குங்கள்

இரண்டே விதிகளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். சொத்தோ செலவோ கூடினால் டெபிட், அதாவது பற்று. பொறுப்போ முதலோ வருமானமோ கூடினால் கிரெடிட், அதாவது வரவு. குறைந்தால் எதிர்ப்பக்கம். டெபிட் கெட்டது, கிரெடிட் நல்லது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். இவை இடப்பக்கம், வலப்பக்கம் மட்டுமே.

புதியவர்களைக் குழப்புவது வங்கியின் குறுஞ்செய்தி. சம்பளம் வந்தால் 'கிரெடிட்' என்கிறது வங்கி. பாடமோ ரொக்கம் கூடினால் டெபிட் என்கிறது. இரண்டும் சரி. வங்கி தன் ஏட்டிலிருந்து பேசுகிறது. உங்கள் பணம் வங்கிக்குத் திருப்பித்தர வேண்டிய பொறுப்பு, அதனால் அங்கே கிரெடிட். உங்கள் ஏட்டில் அதே பணம் சொத்து, அதனால் டெபிட்.

இருப்பாய்வு பொருந்தாவிட்டால் உடனே விடையைத் தேடாதீர்கள். வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம்: 5,400ஐ 4,500 என்று எழுதினால் வித்தியாசம் 900. வித்தியாசத்தைப் பாதியாக்கினால் வரும் தொகை ஏட்டில் எங்காவது இருந்தால், அது தவறான பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். பொருந்திவிட்டாலும் எல்லாம் சரி என்று பொருளில்லை. ஒரு பரிமாற்றத்தை முழுவதுமாக எழுத மறந்தாலும் இருப்பாய்வு பொருந்தவே செய்யும்.

படி 6: மாதக் கடைசிச் சரிக்கட்டல்கள்

வேகத்தைக் குறைக்க வேண்டிய இடம் இது. விற்பனை நடந்த மாதத்திலேயே வருமானம், அதற்காக ஆன செலவும் அதே மாதத்தில். பணம் எப்போது கைமாறியது என்பது வேறு கதை. நம் கடைக்கு ஐந்து சரிக்கட்டல்கள்:

- மீதமுள்ள அரிசி, உளுந்து ரூ. 5,000. ஆகவே செலவானது ரூ. 20,000.
- மூன்று மாத வாடகையில் இம்மாதப் பங்கு ரூ. 5,000. மீதி ரூ. 10,000 இன்னும் சொத்து.
- வேலையாளுக்குத் தர வேண்டிய சம்பளம் ரூ. 8,000.
- ஐந்து ஆண்டு உழைக்கும் கிரைண்டரின் மாதத் தேய்மானம் ரூ. 600.
- கட்ட வேண்டிய கடன் வட்டி ரூ. 400.

விற்பனை ரூ. 42,000. செலவுகள் மொத்தம் ரூ. 34,000. லாபம் ரூ. 8,000. இப்போது இருப்புநிலைக் குறிப்பை எழுதுங்கள். ரொக்கம் 64,000, ஹோட்டல் தர வேண்டியது 12,000, சரக்கு 5,000, முன்கூட்டிய வாடகை 10,000, கிரைண்டர் 35,400, கூட்டினால் 1,26,400. மறுபக்கம் வங்கிக் கடன் 40,000, மண்டிக்கு 10,000, சம்பளம் 8,000, வட்டி 400, லாபத்தோடு சேர்ந்த முதல் 68,000, இதுவும் 1,26,400.

படி 7: லாபம் வேறு, ரொக்கம் வேறு

ரொக்க ஓட்ட அறிக்கை வரும் வாரத்தில் பலர் தளர்ந்துவிடுவார்கள். நம் கடையை வைத்தே பாருங்கள். வியாபாரத்தில் வந்த ரொக்கம் 30,000. மண்டிக்குப் போனது 15,000, வாடகைக்குப் போனது 15,000. மிச்சம் பூஜ்யம்! லாபம் ரூ. 8,000 என்று காட்டும் கடை, வியாபாரத்தால் ஒரு ரூபாய்கூடக் கல்லாவில் சேர்க்கவில்லை. கையில் இருக்கும் 64,000, முதலும் கடனுமாக வந்த ஒரு லட்சத்தில் கிரைண்டர் போக மிஞ்சியது.

லாபத்திலிருந்து பூஜ்யத்துக்கு வரும் வழியையும் எழுதிப் பாருங்கள். லாபம் 8,000. ரொக்கம் போகாத தேய்மானம் 600ஐக் கூட்டுங்கள். ஹோட்டல் பாக்கி, சரக்கு, முன்கூட்டிய வாடகை மூன்றும் சேர்ந்த 27,000ஐக் கழியுங்கள். இன்னும் கொடுக்காத மண்டிக் கடன், சம்பளம், வட்டி சேர்ந்த 18,400ஐக் கூட்டுங்கள். பூஜ்யம் வரும். இதைப் பார்க்காமல் எழுத வந்துவிட்டால் பாடத்தின் கடினமான பகுதி முடிந்தது.

படி 8: உண்மையான ஆண்டறிக்கையைத் திறங்கள்

தேர்வுக்கு முன்பே இதைச் செய்யுங்கள். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் அவற்றின் தளங்களிலும் பங்குச் சந்தைத் தளங்களிலும் இலவசமாகக் கிடைக்கும். இரண்டு வேறு வகை நிறுவனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டைட்டன் நகை விற்கும் நிறுவனம் என்பதால் சரக்கிருப்பு பெரிதாக இருக்கும். பொறுப்புகள் பக்கத்தில் கடனாகப் பெற்ற தங்கத்தையும் தேடிப் பாருங்கள். மென்பொருள் நிறுவனமான இன்ஃபோசிஸில் சரக்கைத் தேடினால் ஏமாற்றம்தான். அங்கே வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கிதான் கவனிக்க வேண்டியது.

வண்ணப் படங்கள் நிறைந்த முதல் பக்கங்களைத் தாண்டிவிடுங்கள். தணிக்கையாளர் அறிக்கை, மூன்று நிதி அறிக்கைகள், அவற்றுக்கான குறிப்புகள் என்ற வரிசையில் வாசியுங்கள். துணை நிறுவனங்களைச் சேர்த்த கணக்கு, சேர்க்காத கணக்கு என இரண்டு தொகுப்புகள் இருக்கலாம், இரண்டையும் கலந்துவிடாதீர்கள். லாபத்தையும் வியாபாரத்தால் வந்த ரொக்கத்தையும் ஐந்து ஆண்டுகளுக்குப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். லாபம் ஏறிக்கொண்டே போக, ரொக்கம் மட்டும் வராமல் இருந்தால் ஏன் என்று குறிப்புகளில் தேடுங்கள்.

படி 9: தேர்வும் சான்றிதழும்

வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் வீடியோவுக்குப் பாதிக்கு மேல் போகக் கூடாது. ஆசிரியர் கேள்வி கேட்டதும் வீடியோவை நிறுத்தி, விடையை எழுதிய பிறகே தொடருங்கள். பயிற்சியில் தவறிய கேள்விகளைத் தனிப் பக்கத்தில் குறித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி போடுங்கள். என்.பி.டி.இ.எல். தேர்வுக்குப் போகிறவர்கள் நுழைவுச் சீட்டில் எந்தக் கால்குலேட்டருக்கு அனுமதி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழைத் தற்குறிப்பில் சேர்க்கலாம். அது சி.ஏ., சி.எம்.ஏ. தகுதிக்கு ஈடாகாது, எந்த நிறுவனத்தின் கணக்கிலும் தணிக்கைக் கையெழுத்துப் போடும் உரிமையைத் தராது. ஆனால் நேர்முகத் தேர்வில் ஒரு ஆண்டறிக்கையை முன்னால் வைத்து, "இந்தக் கம்பெனிக்கு லாபம் வந்தும் பணம் ஏன் வரவில்லை?" என்று கேட்டால், நோட்டில் எழுதிப் பழகியவர் பதில் சொல்வார். இன்றே ஒரு பாடத்தில் சேருங்கள். மேலே சொன்ன மாவுக் கடைக்கு மே மாதக் கணக்கை நீங்களே எழுதத் தொடங்குங்கள்.